அரை சென்ட் லாபம்

வங்கியில் என் வயதைக் கேட்ட அதிகாரிப் பெண் அதன்பிறகு வேறெதுவும் கேட்கவில்லை. தண்ணீர் குடிக்கிறீர்களா என்று மட்டும் விசாரித்தாள். ஐம்பதைத் தாண்டி வீட்டுக்கடன் கேட்டு வருகிறவனுக்கு மயக்கம் வரக்கூடும் என்று நினைத்திருப்பாள். மாதத் தவணையைத் திரையில் காட்டியபோது என் இடது கை மரத்துப்போனது. மாரடைப்பேதான் என்று முடிவு கட்டி, நடுவில் செத்துப்போனால் கடன் தள்ளுபடியாகுமா என்று கேட்டேன். கடனே இன்னும் கொடுக்கலையே சார் என்றாள். வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது, முழங்கையில் மாட்டிய ஹெல்மெட்டின் மேலேயே அவ்வளவு நேரமும் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன்.

ஓசூரில் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதனை என் வேலை. தெற்கே கரிசல் மண்ணிலிருந்து வந்து இந்தக் குளிரில் முடி கொட்டியவன். சம்பளம் நிற்கப்போகும் நாள் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிட்டது. அதற்குப் பிறகு வாடகையை எதிலிருந்து கொடுப்பது என்பதுதான் என் பீதி. மிச்சமிருந்தது மனைவியின் பணம். அவள் அப்பா உழுத காட்டில் அவளுடைய பங்கை விற்று அண்ணன்மார் கொடுத்தது. அதற்கு மேல் எங்கிருந்தும் எதுவும் வராது.

“ஒரு தடவதான் வாங்க முடியும். பாத்து வாங்குங்க” என்றாள்.

பார்த்தேன். ஓசூருக்குள் விலை கேட்கவே தனியாகத் தைரியம் வேண்டும். ஏர்போர்ட் வருகிறது, மெட்ரோ வருகிறது என்று புரோக்கர்கள் சொல்லச் சொல்ல, வருகிற எல்லாவற்றுக்கும் வழிவிட்டு நான் நெடுஞ்சாலையோடு தள்ளித் தள்ளிப் போனேன். கட்டுகிற செலவு இன்னொரு பக்கம் துரத்தியது. கம்பி, சிமென்ட், எம்-சாண்ட், ஆயிரம் அடிக்கும் கீழே ஓடி ஒளிந்துவிட்ட தண்ணீருக்கு ஒரு போர்வெல். ஒவ்வொன்றாக விலை கேட்டு வரும்போதெல்லாம் மனசுக்குள் கட்டிய வீடு சுருங்கியது. முதலில் போர்டிகோ போயிற்று. சாமி அறை சமையலறைக்குள் குடிபோனது. கடைசியில் காசுக்குள் அடங்கிய வீட்டில் நான் நின்றால் அவள் உட்கார வேண்டும், அவள் நின்றால் நான் வெளியே போக வேண்டும். அப்படியே வெளியே போய் ஒரு டீ குடிக்கலாம் என்று தேற்றிக்கொண்டேன்.

சூளகிரி தாண்டி, குருபரப்பள்ளிக்கு முன்பே உள்ளே திரும்பும் ஒரு மண்பாதையில் அந்தத் துண்டு கிடைத்தது. லேஅவுட்டின் கடைசி மூலை. கோணலாக இருந்ததால் விலை குறைவு. இரண்டு சென்ட் என்றார் புரோக்கர். வெயில் காலம், தரை உள்ளங்கை மாதிரி காய்ந்து வெடித்திருந்தது. புரோக்கர் போனில் பேசிக்கொண்டு தள்ளி நின்ற நேரத்தில், பக்கத்து வயல்காரரிடம் பேச்சுக் கொடுத்தேன். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். என்னிடம் தமிழும் தெலுங்குமாகப் பேசினார். இந்த மூலை எப்படி என்று கேட்டேன்.

“அதுவா, அது குண்ட்ட சார்” என்றார்.

எனக்குள் மணி அடித்தது. எங்கள் தொழிற்சாலையில் கன்னடக்காரர்கள் நிலத்தைக் குண்ட்டே கணக்கில்தான் பேசுவார்கள். ஒரு குண்ட்டே என்றால் இரண்டரை சென்ட். ஆக, இரண்டு சென்ட் என்று நினைத்துக்கொண்டு புரோக்கர் விற்கிற இடம் உண்மையில் இரண்டரை! ஊர்க்காரர் வாயாலேயே வந்துவிட்டது. அவர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். புரோக்கர் காதில் விழுந்து விலை ஏறிவிடப் போகிறதே என்று பதறி, அவர் கையைப் பிடித்துக் குலுக்கி நன்றி சொல்லி அனுப்பிவைத்தேன். ஒரு மயிரிழை கூடினாலும் உதிரிபாகத்தைத் தூக்கிக் குப்பையில் போடுகிறவன், நிலத்தைக் காதால் அளந்தேன். அன்றே அட்வான்ஸ். சின்னத் தொகை கொடுத்தால் புரோக்கர் பின்வாங்கிவிடுவார் என்று, மனைவி பணத்தில் பாதியைக் கொடுத்தேன். அரை சென்ட் லாபம் என்று இரண்டு பேருமாகக் கேசரி கிண்டிச் சாப்பிட்டோம்.

பத்திரப் பதிவுக்கு நாள் குறிப்பதற்குள் மழை பிடித்தது. அது விட்டதும் மூலைக்கல்லுக்கு மஞ்சள் தடவ அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். மூலைக்கல்லைக் காணவில்லை. மேட்டிலிருந்து இறங்குகிற தண்ணீரெல்லாம் ஒழுங்காக வரிசையில் வந்து எங்கள் இடத்தில் கூடியிருந்தது. அதில் எருமையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார் வயல்காரர்.

“அப்பவே சொன்னேனே சார், குண்ட்டன்னு.”

அவருடைய தெலுங்கில் குண்ட்ட என்றால் குட்டை. அவள் மஞ்சள் பொட்டலத்தைப் பைக்குள் வைத்து மூடினாள். திரும்பி வரும் வழியில் சூளகிரியில் பஸ் நின்றபோதுதான் சொன்னாள்.

“காட்ட வித்து குளத்துல போட்டாச்சு.”

மேடாக்கி, தூண் எழுப்பிக் கட்ட முடியுமா என்று ஓர் இன்ஜினியரிடம் கேட்டேன். முடியும் என்றார், தாராளமாக முடியும். மண்ணடித்து அஸ்திவாரம் எழும்பும்போது எங்கள் காசு தீர்ந்திருக்கும், அவ்வளவுதான். புரோக்கர் அட்வான்ஸைத் திருப்பித் தர முடியாது என்றார். கோபப்படவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார். “உங்க ஊர்ப் பக்கத்து ஆளுங்க யாராவது இருந்தா கூட்டியாங்க சார். அவங்க அட்வான்ஸ் வந்த அன்னிக்கே உங்களுது கைக்கு வந்துரும்.”

ஆள் இருந்தான். எங்கள் ஷிப்டிலேயே, எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரன், எனக்குப் பத்து வயது இளையவன். நான் இடம் வாங்கிய செய்தி தொழிற்சாலை முழுக்கத் தெரியும். தனக்கும் அங்கே இடம் கேட்டுப் போனவனிடம், நான் அதைக் கைவிடுவதாகப் புரோக்கரே சொல்லியிருக்கிறார். மறுபடி வெயில் அடித்துத் தரை காய்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தான். “அண்ணே, எடத்தப் போய்ப் பாத்தேன், புடிச்சிருக்கு. தண்ணி மட்டும் எப்பிடின்னு சொல்லுங்க.”

குளித்துவிட்டு வந்து கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்தேன். நான் குளித்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என்ன பதில் சொல்லலாம் என்று அவளிடம் சொல்லிக் காட்டினேன். தண்ணிக்குப் பஞ்சமே இல்லடா, போர்கூடப் போட வேண்டாம். இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது என்றேன். வழக்கமாக என் குறும்புக்கு ஒரு மூக்குச் சிரிப்பாவது சிரிப்பாள். இப்போது காம்பைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டாள். பணம் அவளுடையது. அவள் அப்பா மாடு பூட்டிக் கமலையில் தண்ணீர் இறைத்த காடு. சரி என்று அவள் தலையாட்டினால் நான் சொல்லியிருப்பேன், சந்தேகமே வேண்டாம். கட்டு முழுதும் ஆய்ந்து முடிகிறவரை காத்திருந்தேன்.

“உள்ளதச் சொல்லிருங்க” என்றாள்.

சொன்னேன். அவன் சிரித்தான். என் வாய்க்குப் பழகியவன், தமாஷ் என்று எடுத்துக்கொண்டான். குரலை மாற்றி, சிரிப்பில்லாமல், இரண்டாம் முறையும் சொல்ல வேண்டியிருந்தது. “அப்ப ஒங்க காசு?” என்றான்.

கையில் மிஞ்சிய பாதிக்கு இடம் கேட்டு ஊத்தங்கரை தாண்டி சிங்காரப்பேட்டை வரை போய்ப் பார்த்தோம். நிலம் கிடைக்கும், மேல் கட்ட எதுவும் மிஞ்சாது. போய்வரும் பஸ் நேரத்தைக் கூட்டினால் ஷிப்ட் முடிந்து வீடு சேர்வதற்குள் அடுத்த ஷிப்ட் வந்துவிடும். திரும்பி வந்தோம்.

அந்த மாதம் வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வீட்டு ஓனர் வந்தார். இந்த ஊரில் எல்லா வாடகைக்காரனுடைய ஆயுளையும் போல, மறுபடி பதினொரு மாதம். நான் கையெழுத்துப் போட்டேன். மனைவி உள்ளேயிருந்து ஈரக் கையோடு வந்து, சமையலறையில் ஓர் அலமாரி அடித்துத் தர முடியுமா என்று கேட்டாள். இத்தனை வருடத்தில் அவள் அவரிடம் எதுவும் கேட்டதில்லை.

“எதுக்கும்மா? சொந்தமா கட்டிட்டுப் போறதாச் சொன்னாங்களே?”

“இல்லைங்க. இனிமே இங்கனதான் இருப்போம்.”

ஓனர் நல்ல மனிதர். மூடிய பேனாவைத் திரும்பத் திறந்தார். “அப்டின்னா வாடகையப் பத்தியும் ஒருக்கா பேசிக்கலாம்மா” என்றார்.