இரண்டு தடவை கழன்ற தாலி

எனக்குத் தொய்வு (மூச்சுக்குழாய் சுருங்கி இழுக்கும் நோய்) சிறுவயதிலேயே வந்தது. அதோடு ஒருவாறு காலந்தள்ளப் பழகியிருந்தேன். கரவெட்டிக்கு வாழ்க்கைப்பட்ட பிறகுதான் உடம்பு புதுக்கூத்து ஆடியது. கை நடுங்கியது, நெஞ்சு படபடத்தது, கண்கள் பிதுங்கின. அள்ளியள்ளித் தின்றும் மெலிந்தேன்.

"தின்னிறதெல்லாம் எங்கை போகுது? குடியைத் தின்ன வந்தவள்," என்றார் மாமி, என் கணவரின் தாய்.

மாரியில் மட்டும் வந்த இழுப்பு கோடையிலும் விடவில்லை. ஆசுப்பத்திரிக்குப் போனோம். டொக்டர் என் தொண்டையைத் தடவிப் பார்த்தார். தைரொயிட் (கழுத்தின் முன்புறச் சுரப்பி) அளவுக்கு மீறிச் சுரக்கிறதாம். அது எரிகிற தொய்வில் எண்ணெய் ஊற்றுகிறது. தொய்வுக்குப் போடும் அட்ரினலின் ஊசியோ, ஏற்கெனவே ஓடுகிற இருதயத்தை இன்னும் விரட்டும். போட்டாலும் ஆபத்து, போடாவிட்டாலும் ஆபத்து.

"சுரப்பியை வெட்டினால் தொய்வும் அடங்கும். ஆனால் கழுத்திலை தாலி இருக்கக்கூடாது," என்றார்.

மாமி எழும்பிவிட்டார். "புருசன் உயிரோடை இருக்கேக்கை தாலி கழட்டிறதோ? செத்தாலும் சுமங்கலியாய்ச் சாகட்டும்."

நான் அங்கேயே மூச்சுக்குத் தவித்தபடி இருந்தேன்.

தாயை எதிர்த்து வாய் திறவாத என் கணவர், அன்று எனக்குப் பின்னால் வந்து தாலிக்கொடியைத் தானே கழற்றி மடியில் செருகினார்.

"நீர் மூச்சு விடும். அது காணும், வேறையொண்டும் வேண்டாம்."

அயடின் துளிகளைப் பாலில் தந்து சுரப்பியை அடக்கிய பிறகு, கழுத்தை மட்டும் விறைக்கப்பண்ணி வெட்டினார்கள். தையல் பிரித்ததும் அவரே கொடியை மறுபடி பூட்டினார். மாரி வந்தது, இழுப்பு வரவில்லை. உட்கார்ந்தே தூங்கிய நான் மல்லாந்து படுத்துத் தூங்கினேன். அப்படியொரு சந்தோஷம்.

அடுத்த கோடையில் அவரை நெருப்புக்காய்ச்சல் (குடலைத் தாக்கும் கடுங்காய்ச்சல்) கொண்டுபோயிற்று.

செத்தவீடு முழுக்கச் சாம்பிராணிப் புகை. முன்பென்றால் விழுந்திருப்பேன். அன்று நெஞ்சிலடித்து அழுதும் ஒரு சின்ன இழுப்புக்கூட இல்லை. எல்லோரும் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாயிருந்தது. அவருடைய நெஞ்சில் வைப்பதற்கு என் தாலியைக் கழற்றப் பெண்கள் தயங்கி நின்றார்கள்.

"கழட்டுங்கோ," என்றார் மாமி. "அது முந்தியே கழண்ட தாலிதானே. என்ரை பிள்ளையின்ரை மூச்சைத்தானே உவள் விடுறாள்."

தொய்வும் தைரொயிட் நோயும் சேர்ந்து வந்தவர்களுக்குச் சொல்கிறேன்: வெட்டச் சொன்னால் வெட்டுங்கள். மூச்சு வரும். எனக்கும் வருகிறது. மாமி பக்கத்தில் இருக்கும்போது மட்டும், வந்த மூச்சைப் பாதியில் பிடித்துக்கொள்கிறேன்.