விஜியக்காவும் ஆறு பித்தளை ஸ்டவ்வும்

திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் விஜியக்கா கேஸ் ஸ்டவ், குக்கர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். பக்கத்துக் கடைதான் நான் வேலை பார்க்கும் ஆன்லைன் சென்டர். மணவூரில் கூலி வேலை செய்யும் எங்கள் வீட்டில் முதலில் டிகிரி வாங்கியவன் நான். அக்கா எட்டாவதோடு நின்றவர். கணவர் ராஜீவின் பவர்லூமுக்கு ஸ்பேனர் பிடிக்கப் போய், கை பழகி, தனிக்கடை போட்டார்.

ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் முன்பு வேதாசலம் சார் ஒரு தகரப் பெட்டியோடு வந்தார். வனத்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர்; இளைஞர்களை மலையேற அழைத்துப் போகிறவர். பெட்டிக்குள் பித்தளை அடுப்பு ஒன்று. சொம்பளவு டேங்க், மடக்குகிற மூன்று கால், பச்சைக் களிம்பு பிடித்த பர்னர்.

"முரளிதரன் கடையில காட்டினேம்மா. பழைய பித்தளைக்குப் போட்டுடுங்கன்றான்."

"அவருக்கு அவசரம் சார். வச்சிட்டுப் போங்க."

"இந்த மாதிரி ஆறு இருக்குது. இது எரிஞ்சா மீதி அஞ்சும் உன்னாண்டதான். இல்லன்னா மெட்ராஸுக்கு எடுத்துனு போயிடுவேன். விஜயதசமி அன்னிக்கு வரேன்."

அக்காவுக்கு அது பெரிய விஷயம். குக்கர் கைப்பிடி மாட்ட வருகிறவர்கள், கொஞ்சம் சிக்கலான வேலை என்றால் கடைத்தெருவில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் முரளிதரனைத்தான் தேடிப் போவார்கள்.

எந்த அடுப்பு என்று முதலில் தெரிய வேண்டும். புளி போட்டுத் தேய்த்ததில் டேங்கின் அடியில் ஸ்வீடன் என்ற எழுத்து மட்டும் தெரிந்தது. நான் போனில் தேடி, ஒரே மாதிரி இருந்த படத்தைப் பார்த்து, "பெட்ரோல் ஸ்டவ்வுக்கா" என்றேன்.

அக்கா போனைப் பார்க்கவில்லை. மூடியில் இருந்த சின்னத் திருகைக் காட்டினார். "இதத் தொறந்தா காத்து போயிடும், தீ அணையும். பெட்ரோலுக்கு இப்படி வச்சா ஆவி நெருப்புல பட்டு மூஞ்சி பொசுங்கிடும். இது மண்ணெண்ணெய்தான். எங்க அம்மா வச்சினு இருந்த பம்ப் ஸ்டவ்வோட குட்டி. இன்னா தம்பி, டிகிரில இதெல்லாம் சொல்லித் தரலியா?"

"பி.சி.ஏ.ல அடுப்பு இல்லக்கா."

பம்பின் தோல் வாஷர் காய்ந்து சுருங்கியிருந்தது. பழைய செருப்புத் தோலை வட்டமாக வெட்டி, தேங்காய் எண்ணெயில் ஊற வைத்துப் போட்டார். பர்னரைக் கழற்றிக் கரியை எடுத்தார். திருவாலங்காட்டில் ஒரு வீட்டில் ரேஷன் மண்ணெண்ணெய் அரை லிட்டர் கிடைத்தது. மாட்டுவதற்குள் பூஜை நாள் வந்துவிட்டது. கழற்றியவை கழற்றியபடியே தாம்பாளத்தில் வைத்து, ஒவ்வொரு பாகத்துக்கும் சந்தனம் குங்குமம் இட்டார். அன்று ஆயுதம் தொடக் கூடாது. மறுநாள் காலை, இட்ட பொட்டை அழிக்க மனம் வராமல் அப்படியே மாட்டினார்.

பத்து மணிக்கு வேதாசலம் சார் வந்தார். அக்காவுக்கு மாமன் முறையாகும் முரளிதரனும் டீ கிளாசோடு வந்து நின்றார்.

அக்கா பர்னருக்குக் கீழே இருந்த கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்தினார். பர்னர் சூடானதும் பம்ப் அடித்தார். தீ வரவில்லை. பம்ப் மட்டும் இறுகிக்கொண்டே போனது.

"இன்னும் நாலு அடி அடி விஜி," என்றார் முரளிதரன்.

"அடிச்சா உன் டீயோட சேர்ந்து நீயும் மலை ஏறிடுவ. தள்ளி நில்லு பாவா."

திருகைத் திறந்து காற்றை விட்டார். ஆறட்டும் என்று கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்தார். வேதாசலம் சார் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பர்னரைக் கழற்றிய அக்கா எண்ணெய் ஆவி வெளியே வரும் நாசிலைப் பார்த்துவிட்டு நெற்றியில் கை வைத்துக்கொண்டார். ஊசி முனை அளவுத் துளை. அதன் மேல் கல்லாகக் காய்ந்த சந்தனம்.

"சாமிக்கு வச்சதுன்னு தொடைக்கல சார். நான்தான் அடைச்சிருக்கேன்."

ஸ்டவ் ஊசியால் குத்தி, ஊதி, மறுபடி மாட்டினார். மறுபடி ஸ்பிரிட், மறுபடி பம்ப். நாலாவது அடியில் புஸ்ஸென்று இரைந்து நீலத் தீ வட்டமாக நின்றது.

முரளிதரன் குனிந்து பார்த்தார். "வாஷர் இன்னாது?"

"எங்க வூட்டுக்காரர் செருப்பு."

வேதாசலம் சார் அந்த அடுப்பிலேயே ஒரு சொம்புத் தண்ணீரைக் கொதிக்க வைத்துப் பார்த்தார். பிறகு சட்டைப் பையில் இருந்து ஒரு ரயில் டிக்கெட்டை எடுத்தார்.

"எரியாதுன்னு நெனச்சு மெட்ராஸ் சென்ட்ரலுக்கு டிக்கெட் எடுத்துட்டேம்மா. மீதி அஞ்சும் வாசல்ல நிக்கிற என் வண்டியிலதான் இருக்குது." என் பக்கம் திரும்பினார். "தம்பி, அந்த மூட்டையைக் கொஞ்சம் எறக்குப்பா."