பின்னே போகாத எவரிஸ்ட்

டெலீஸ் ஊரில் தலைக்கனத்துக்கு எவரிஸ்ட் என்று பெயர் வைத்திருந்தார்கள். டாரூ வீட்டு மூத்தவனுக்கும், மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்த கிளெமன்ஸுக்கும் பிறந்தவன். அந்தக் குடும்பத்தில் வேறு யாருக்கும் தலைக்கனம் கிடையாது. எதிரே ஆடு வந்தால்கூட அப்பன் ஒதுங்கி நிற்பான். மகனுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது என்று ஊர் கேட்டது.

மலைமேல் டெலீஸிலிருந்து தீவின் தலைநகரான ரோசோவுக்கு இறங்கும் சாலையில், ஆற்றுக்கு மேலே, ஒரு வண்டி மட்டும் நுழையக்கூடிய வளைவுகள் உண்டு. எதிரெதிரே வந்துவிட்டால் இறங்கி வருகிறவன் பின்னால் போய் வழிவிட வேண்டும். எவரிஸ்ட் விடமாட்டான். டாக்சியை நிறுத்தி, முழங்கையை ஜன்னலில் போட்டு, கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். எதிரே நிற்பவன் அவன் பரம்பரையையே திட்டித் தீர்த்துவிட்டு, கடைசியில் தானே பின்னால் போவான்.

அவன் காரில் ரிவர்ஸ் வேலை செய்யவில்லை. அதுதான் காரணம்.

ஜப்பானில் ஓடி முடித்துக் கப்பலில் வந்திறங்கிய ஆட்டோமேட்டிக் கார் அது. கியர்பாக்ஸில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஓட்டினவன் கைதான் குறை. அந்தச் சாலையில் ஓட்டுகிற எல்லாரையும் போல, இறக்கம் வந்ததும் பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டிவிட்டு, அடியில் வந்ததும் ஓட்டத்திலேயே கியரை அடிப்பான். கியர்பாக்ஸ் ஆயிலையும் என்ஜினை அணைத்துவிட்டுத்தான் பார்ப்பான். அந்தக் காரில் என்ஜின் சூடாக ஓடும்போது பார்க்க வேண்டும். அணைத்துப் பார்த்தால், குறைந்துபோன ஆயிலும் அளவுக் குச்சியில் மேலே ஏறி நிற்கும். அவன் ஒவ்வொரு முறையும் திருப்தியோடு குச்சியைச் செருகினான்.

முதலில், காலையில் கியரைப் போட்டால் கார் கொஞ்சம் யோசித்துவிட்டு நகர்ந்தது. அப்புறம் ஏற்றத்தில் என்ஜின் அலறியது, சக்கரம் அதற்கேற்ற மாதிரி சுற்றவில்லை. பிறகு ஒருநாள் ரிவர்ஸைப் போட்டான், கார் நின்ற இடத்திலேயே நின்றது.

ரோசோவில் மெக்கானிக் ஆல்ரிக் குச்சியை மோந்து பார்த்தான்.

“கருகின வாடை அடிக்குதே. என்னய்யா, இதுலயா மீன் பொரிச்சே?”

“புது ஆயில் ஊத்திடு.”

“இப்ப ஊத்தினா முன்னால போறதும் நின்னுடும். உள்ள தேஞ்ச தட்டெல்லாம் இந்த அழுக்கப் பிடிச்சுக்கிட்டுதான் ஓடுது. பிரிச்சு வேலை பாக்கிற காசுக்கு வேற காரே வாங்கிடலாம். போற வரைக்கும் முன்னால போ. பின்னால போகணும்னு ஆசைப்படாதே.”

ரிவர்ஸ் இல்லை என்று தெரிந்தால் அந்த மலைச்சாலையில் எவன் ஏறுவான்? அவன் பிழைப்பே அந்த டாக்சிதான். மனைவி லுக்ரீசியாவிடமும் அவன் சொல்லவில்லை. அவள் தன் அண்ணன் ஃபிட்ஸ்ராயிடம் சொல்லுவாள். ஃபிட்ஸ்ராயிடம் சொல்வதும், சங்கு ஊதி மீன் விற்கிறவனிடம் சொல்வதும் ஒன்று. தலைக்கனம் பிடித்தவன் என்ற பெயர் சோற்றைக் கெடுக்காது என்று எவரிஸ்ட் கணக்குப் போட்டான்.

அந்த ஃபிட்ஸ்ராயே ஒருநாள் வாழைக்காய் லாரியோடு வளைவில் எதிரே ஏறி வந்தான்.

“மச்சான், லோடு ஏத்தியிருக்கேன். பின்னால எடு.”

எவரிஸ்ட் கடலைப் பார்த்தான்.

“தங்கச்சியக் கொடுத்த வீட்டுக்கு இதுவா மரியாதை? எடுடா!”

கடைசியில் ஃபிட்ஸ்ராய்தான் லாரியைப் பின்னால் எடுத்தான். பக்கவாட்டுப் பலகை பாறையில் உராய்ந்து உடைந்தது, வாழைத்தார்கள் ஆற்றில் விழுந்தன. அன்றோடு பேச்சு நின்றது. கிறிஸ்துமஸுக்கு லுக்ரீசியா மட்டும் அண்ணன் வீட்டுக்குப் போய் வந்தாள்.

ஃபிட்ஸ்ராய் நெஞ்சுவலியில் போனபோதும் எவரிஸ்டை யாரும் அழைக்கவில்லை. அடக்கத்தன்று அவன் வழக்கம்போல ரோசோவுக்கு வண்டி எடுத்தான். பக்கத்தில் சேப்பங்கிழங்கு மூட்டையோடு சந்தைக்காரி ஆல்தியா, பின்னால் மூன்று பேர். ஆற்று வளைவில் திரும்பினால் எதிரே சவ வண்டி ஏறி வருகிறது. அதன் பின்னால் உறவுக்காரர்கள் நிறைந்த பஸ்.

சவத்துக்கு வழிவிடாதவன் அந்தத் தீவிலேயே கிடையாது.

“எவரிஸ்ட், இன்னைக்காவது அந்தத் தலைக்கனத்தக் கழட்டி வை. செத்தவருய்யா!” என்றாள் ஆல்தியா.

பஸ்ஸிலிருந்து லுக்ரீசியா இறங்கி வந்தாள். கறுப்புத் தொப்பி, கையில் கைக்குட்டை. ஜன்னலருகே குனிந்தாள்.

“எங்க அண்ணன் பெட்டியில இருக்காரு. பின்னால எடு.”

“வராது.”

“நீ வரமாட்டியா?”

“ரிவர்ஸ் வராது, லுக்ரீ. மூணு வருஷமா வராது.”

அவள் அவனையும் கியர்க் கம்பியையும் மாறி மாறிப் பார்த்தாள். “அப்போ அன்னைக்கு லாரி?”

“அன்னைக்கும்தான்.”

“ஐயோ, இந்தக் கார்லயா நான் இத்தனை நாள் வந்தேன்!” என்று ஆல்தியா மூட்டையோடு கீழே குதித்தாள்.

பின்னால் வந்து நின்ற ஃபிட்ஸ்ராயின் மனைவி வெர்னிஸ் எல்லாவற்றையும் கேட்டாள். முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று பிடிக்கப் போனார்கள். சிரித்துக்கொண்டிருந்தாள்.

“மானம் போச்சுன்னு எங்கிட்ட சொல்லிச் சொல்லித் தூங்காம கெடந்தாரே! இத ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சிரிச்சே செத்திருப்பாரு. என்ன தம்பி நீ?”

எவரிஸ்ட் ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து இறங்கி, ஜன்னல் வழியே ஸ்டியரிங்கைப் பிடித்தான். பஸ்ஸிலிருந்த ஆண்கள் கோட்டைக் கழற்றினார்கள். ஃபிட்ஸ்ராயின் பிள்ளைகள் இருவரும் பானெட்டில் தோள் கொடுத்ததும் பிரேக்கை விட்டான். மேட்டில் தள்ளுவது லேசான வேலை இல்லை. ஒருவன், “மாமா தலைக்கனம் ரொம்ப கனமா இருக்கு!” என்று கத்த, சாவு ஊர்வலத்தில் சிரிப்பு எழுந்தது. வளைவுக்கு மேலே சாலை அகலமான இடத்தில் காரை ஒதுக்கினார்கள். சவ வண்டி கடந்து போயிற்று. எவரிஸ்ட் தொப்பியைக் கையில் பிடித்து நின்றான்.

கார் ரோசோவைப் பார்த்து நின்றது. வெர்னிஸ் பஸ்ஸில் ஏறப்போனவள் திரும்பினாள்.

“அதையும் கொஞ்சம் திருப்பி வைங்கடா. தம்பியும் அடக்கத்துக்கு வரட்டும்.”

பின்பக்கத்தைத் தூக்கித் தூக்கி நகர்த்தி, மூக்கு மலையைப் பார்க்கும்படி திருப்பி வைத்தார்கள். லுக்ரீசியா முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். ஆல்தியா கதவைப் பிடித்தாள்.

“முன்னால போறது நிச்சயம்தானே?” என்று கேட்டுவிட்டு, மூட்டையைப் பின்னால் போட்டு, மற்ற மூவரோடு அவளும் ஏறினாள்.

ஏற்றத்தில் என்ஜின் அலறியது. கார் மெதுவாக, பஸ்ஸுக்குப் பின்னால் போயிற்று. மாதா கோயில் வாசலில் எவரிஸ்ட் எப்போதும்போல ஒரு சுற்றுச் சுற்றி, வெளியே போகும் வழியைப் பார்த்து நிறுத்தினான். அவன் ஏன் எப்போதும் அப்படி நிறுத்துகிறான் என்று லுக்ரீசியாவுக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.