மேகம் எண்ணும் கழகமும் என் நாற்பது வீத வேலையும்

நூலகத்தில் வேலை செய்கிறவளுக்கு நாள் முழுக்க வாசிக்க நேரம் கிடைக்கும் என்று நம்புகிறவர்கள், பேக்கரியில் வேலை செய்கிறவன் நாள் முழுக்கக் கேக் தின்பான் என்றும் நம்புவார்கள். மேசைக்குப் பின்னால் நின்று சனத்துக்குப் பதில் சொல்லிப் பிழைக்கிற என் இனத்தவரே, உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. உங்களுக்கும் கால் கடுக்கும், முகம் மட்டும் சிரித்தபடி இருக்கும்.

சுவிட்சர்லாந்தின் ஓல்டன் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் பதினொரு வருடம் ஆட்களைத் தூக்கித் தூக்கி என் முதுகு போய்விட்டது. இனிப் பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் எழுதித் தந்தார். அதன் பிறகுதான், சூரிச் போகும் ரயில் பாதையில் ஒரு சின்ன ஊரின் நூலகத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது. முழுநேரத்தில் நாற்பது வீதம், அதாவது வாரத்தில் புதனும் வெள்ளியும் மட்டும். ஒரு வருட ஒப்பந்தம். யூலை முடிய அதை நீட்டுவார்களா, இல்லை நான் இந்த முதுகோடு மறுபடியும் கட்டில் கட்டிலாகப் போக வேண்டுமா என்ற ஒரே கேள்விதான் அந்த வருடம் முழுக்க என் தலைக்குள் ஓடியது.

முடிவு, நூலகப் பொறுப்பாளர் ரெகுலாவின் கையில். என்னைவிடப் பத்து வயது இளையவள், நல்ல மனுசி. இங்கே மேலதிகாரியையும் பெயர் சொல்லி 'நீ' என்றுதான் கதைக்க வேண்டும்; எனக்கு இன்னும் வாய் கூசும். வேறு யாரும் விரும்பாத மங்கா அலுமாரியையும், புதன் பின்னேரம் பள்ளிக்கூடம் இல்லாத பிள்ளைகளுக்கான மங்கா கழகத்தையும் அவள் என் தலையில் கட்டினாள். மங்கா என்றால் ஜப்பான்காரரின் படக்கதைப் புத்தகம். எங்கள் பிள்ளைகள் உயிரை விட்டது ஒரு தொடருக்கு. தமிழில் சொன்னால் 'மேகம் எண்ணும் கழகம்'. ஒரு உயர்நிலைப் பள்ளி, அதன் மொட்டைமாடி, அங்கே தினமும் மேகத்தை எண்ணிக் கொப்பியில் எழுதுவதற்கென்று ஒரு மாணவர் கழகம். உறுப்பினர்கள் இரண்டே பேர்: தைச்சி என்ற பையன், சயோ என்ற பெண். இரண்டு பேருக்கும் காதல். இரண்டு பேரும் சொல்ல மாட்டார்கள். அவ்வளவுதான் கதை, மிச்சம் முழுக்க மேகம்.

முன்பக்கம் எது?

புத்தகத்தின் பின் அட்டையில் பார்கோட் ஒட்டி, மேலே பிளாஸ்டிக் உறை போடுவது என் முதல் வேலை. அப்போது வெளிவந்திருந்த பதினேழு பாகங்களுக்கும் ஒரு வெள்ளிக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஒட்டினேன். காற்றுக் குமிழ் ஒன்று கூட இல்லை. முதியோர் இல்லத்தில் படுக்கை விரிப்பு இழுத்துப் போட்ட கை, சுருக்கம் விடாது. எனக்கே என்னைப் பிடித்துப் போனது.

ஜப்பான் புத்தகத்தை வலப்பக்கம் இருந்துதான் திறக்க வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஜெர்மன் மொழியில் அச்சிட்டாலும் அப்படியே விட்டுவிடுவார்களாம். நமக்குப் பின் அட்டை, அவர்களுக்கு முன் அட்டை. அடுத்த புதன்கிழமை கழகத்துக்கு வந்த அபிநயா, பதினாலு வயது, முதல் பாகத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு ஹேர் டிரையரால் சூடாக்கிப் பதினேழையும் உரித்தெடுக்க எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. அந்தப் பிள்ளை அன்று கேட்டது மட்டும் இன்னும் காதில் நிற்கிறது:

"அன்ரி, எல்லாப் புத்தகத்திலையும் சயோவின்ரை முகத்துக்கு மேலை பார்கோட் ஒட்டியிருக்கிறீங்கள். பாவம், அவள் உங்களுக்கு என்ன செய்தவள்?"

சோதினை எப்ப?

அபிநயாவின் தாய் ராதிகா ஷ்லீரனில் ஒரு தொழிற்சாலையில் துப்புரவு வேலை. மகளுக்குச் சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி, ஞாயிறு நடனம், செவ்வாய் வயலின், வியாழன் கணக்கு. புதன் ஒன்றுதான் காலியாகக் கிடந்தது. அது ராதிகாவை உறுத்தியிருக்கிறது. ஒருநாள் வேலை உடுப்போடு நேரே என் மேசைக்கு வந்து, இந்த ஜப்பான் வகுப்பில் எத்தனை நிலை இருக்கிறது என்று கேட்டாள்.

வகுப்பு இல்லை, பிள்ளைகள் கூடிப் படக்கதை வாசிப்பார்கள், கதைப்பார்கள், அவ்வளவுதான் என்றேன். அவள் நம்பவில்லை. நான் ஏதோ நல்ல விஷயத்தை மற்றவர்களுக்காக ஒளித்து வைத்திருக்கிறேன் என்பது போலப் பார்த்தாள். பரீட்சை எப்போது, ஆண்டு விழா உண்டா, சான்றிதழ் ஜப்பானில் இருந்து வருமா, இல்லை இங்கேயே அடிப்பதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் இல்லை இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது. கடைசியில் அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டாள், முகத்தில் உண்மையான கவலை.

"சோதினை இல்லையெண்டால், பிள்ளை படிக்குதோ இல்லையோ எண்டு எனக்கு எப்பிடி அக்கா தெரியும்?"

ரயில் ஓட்டியவர்

ஹெர் பூரி, நம் பேச்சில் பூரி ஐயா, ஓய்வுபெற்ற ரயில் சாரதி. பயண நூல்கள் அலுமாரிக்கும் மங்கா அலுமாரிக்கும் நடுவே உட்கார்ந்து வாசிக்க ஒரு கதிரை இருக்கிறது, அது அவருடையது. மழைக்கு ஒதுங்கிய ஒரு நாளில் முதல் பாகத்தைத் தெரியாமல் எடுத்து, நாம் வழக்கமாகத் திறக்கிற பக்கத்தில் திறந்து, முடிவில் இருந்து தொடக்கத்துக்கு வாசித்து முடித்துவிட்டார். முதலில் பிரிகிறார்கள், பிறகு அறிமுகமாகிறார்கள், வித்தியாசமான கதை என்றார். நான் திருத்தவில்லை. பார்கோட் விஷயத்தில் நானே அவமானப்பட்டவள், எந்த முகத்தோடு திருத்துவது?

பிறகு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். வாரத்துக்கு ஒரு பாகமாக ஒன்பது பாகம் எடுத்துப் போனார். ஒன்பதாவதைத் திருப்பித் தரும்போது மேசையில் சத்தமாக வைத்தார். நாற்பது வருடம் நிமிடக் கணக்கில் வண்டி எடுத்த மனிதருக்குப் பொறுமை எல்லை தாண்டியிருந்தது.

"ஒன்பது பாகமாக இரண்டு பேரும் நடைமேடையிலேயே நிற்கிறார்கள், கதவும் திறந்துதான் இருக்கிறது, ஒருவராவது ஏற வேண்டாமா?"

அவள் என்ன சாத்திரக்காரியோ

மார்ச் மாதம் ஆகிவிட்டது. ஒப்பந்தம் பற்றி ரெகுலா ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக அரை மணி நேரம் முந்தி வந்தேன். கிழிந்த பக்கங்களை ஒட்டினேன். என் வேலையே இல்லாத கோப்பி மெஷினைக் கழுவினேன். பத்து மணி இடைவேளைக்கு மீன் ரோல்ஸ் பொரித்துக் கொண்டு போனேன். ஆட்கள் 'சூப்பர்' என்று சொல்லித் தின்றார்கள். நம்மை அப்படித்தானே வளர்த்திருக்கிறார்கள்: ஒழுங்காக வேலை செய், பார்க்கிறவர்கள் பார்த்துத் தாங்களே தருவார்கள், வாய் விட்டுக் கேட்டால் மரியாதை போய்விடும்.

அந்தச் சமயத்தில் கழகம் பதினாலாம் பாகத்தில் நின்றது. சயோவின் குடும்பம் வேறு ஊருக்குப் போகப் போகிறது. தைச்சிக்கு அது தெரியும். ஆனாலும் அவன் ஒன்றும் சொல்லாமல் அவளுடைய குடையைத் திருத்துகிறான், அவள் உட்காரும் இடத்தைத் துடைக்கிறான், அவள் வராத நாட்களில் அவளுக்கும் சேர்த்து மேகம் எண்ணுகிறான். பிள்ளைகளுக்கு ஆத்திரம் பொறுக்கவில்லை. எனக்கோ அவன் மேல் பரிதாபம். பிள்ளைகளே, அவன் எவ்வளவு செய்கிறான், அதைப் பார்த்து அவளே விளங்கிக்கொள்ள வேண்டாமா என்று நான் அவனுக்காக வாதாடினேன். தேவைக்கு மேலேயே வாதாடிவிட்டேன் போலிருக்கிறது. அபிநயா என்னை நிமிர்ந்து பார்த்துத் தமிழில் கேட்டாள்:

"வாயைத் திறந்து சொல்லாமல் குடையைத் திருத்தினால் அவளுக்கு எப்பிடி அன்ரி தெரியும், அவள் என்ன சாத்திரக்காரியோ?"

அன்றைக்கு எனக்கு வீட்டில் சோறு இறங்கவில்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமை ரோல்ஸ்தான் கொண்டு போனேன்.

பதினாறாம் பாகம் எங்கே?

மே மாதம் ராதிகா மறுபடியும் வந்தாள். இந்த முறை கோபமாக. பையில் இருந்து மூன்று பாகங்களை எடுத்து மேசையில் அடுக்கி, குரலைத் தாழ்த்தி, "அக்கா, இதிலை காதல் இருக்கு" என்றாள். ஓம், இருக்கிறது என்றேன். "நீங்களும் ஒரு தாய், எனக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாமே" என்றாள். பதினாலு பாகம் வந்தும் அந்தப் பையன் அவள் கையைக் கூடத் தொடவில்லை என்று நான் உறுதி கொடுத்தேன். சத்தியமும் செய்தேன். ஒரு நூலக உதவியாளர் ஒரு கற்பனைப் பையனின் ஒழுக்கத்துக்குச் சத்தியம் செய்வது என் வேலை விவரத்தில் இல்லாத ஒன்று.

"பதினாலிலையோ? பதினைஞ்சிலை மழைக்குள்ளை கையைப் பிடிக்கப் போய்ப் பிடிக்காமல் விட்டவனல்லோ!" என்றாள். அவள் எத்தனை பாகம் வாசித்திருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. வேலைக்குப் போகும் ரயிலில் வாசித்திருக்கிறாள். நான் சிரிக்கவில்லை, சிரிப்பை அடக்குவதுதான் எங்கள் தொழிலில் பாதி. அவள் சுற்றிப் பார்த்துவிட்டு மேசைக்குக் கிட்ட வந்தாள்.

"பதினாறாம் பாகத்தை ஆர் கொண்டு போட்டினம் அக்கா? பிள்ளைக்குச் சரியோ எண்டு பாக்கத்தான் கேக்கிறன்."

கடைசிப் பாகம்

பதினெட்டாம் பாகம் யூலை மாதம் வந்தது. ஒரே பிரதி, எட்டுப் பிள்ளைகள். ஆகையால் அபிநயா நடுவில் இருந்து சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் தோளுக்கு மேலால் படம் பார்த்தார்கள். கடைசிக்கு முந்திய பக்கத்தில், மொட்டைமாடியில், ஒரு மேகமும் இல்லாத நாளில் தைச்சி சொல்லிவிட்டான். ஒரு வரிதான். சயோ, "இவ்வளவு நாளும் காத்திருந்தேன், மடையா" என்று சொல்லி அழுதாள். பிள்ளைகள் கத்தினார்கள். இரண்டு பேர் அழுதார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது. ஐம்பதை எட்டிய வயதில் ஒரு படக்கதைப் பையனைப் பார்த்துப் பொறாமைப்படுவது வெட்கக்கேடுதான், ஆனால் அதுதான் உண்மை.

பிள்ளைகள் போனதும் கழிவறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று ஒரு ஜெர்மன் வசனத்தை ஐந்து முறை சொல்லிப் பார்த்தேன். பிறகு ரெகுலாவின் அறைக்குப் போனேன். "நான் இங்கே தொடர்ந்து வேலை செய்ய விரும்புகிறேன்" என்றேன். இலக்கணப் பிழை இல்லை. ரெகுலா கோப்பையைக் கீழே வைத்தாள். அந்த இடத்துக்கு ஆள் எடுத்தாகிவிட்டது, போன வாரம் கையெழுத்தும் வைத்தாகிவிட்டது என்றாள்.

ஒரு மாதத்துக்கு முன் அவள் என்னிடம் ஒரு தாளைத் தந்து அறிவிப்புப் பலகையில் குத்தச் சொல்லியிருந்தாள். நூலக உதவியாளர் தேவை, நாற்பது வீதம், ஓகஸ்ட் முதல். எங்களுக்கு இன்னொரு ஆள் வரப்போகிறது, இனி வேலை கொஞ்சம் குறையும் என்று நான் சந்தோஷப்பட்டேன். நாலு மூலைக்கும் நாலு ஊசி குத்தி, தள்ளி நின்றும் பார்த்தேன். அது என் வேலை. என் வேலைக்கான விளம்பரத்தை நானே என் கையால் குத்தியிருக்கிறேன்.

புதிய ஆளுக்குப் புதன் பின்னேரம் வசதிப்படாது, கழகம் மட்டும் காலியாக இருக்கிறது, மூன்று மணி நேரம்தான், என்று ரெகுலா தயங்கித் தயங்கித் தொடங்கினாள். அவள் முடிக்கும் முன்பே "எனக்கு வேண்டும்" என்றேன். என் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. மற்ற நாட்களுக்கு இப்போது ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் இருக்கிறேன். பாரம் தூக்க மாட்டேன் என்று நேர்முகத்தில் முதல் வசனமாகவே சொல்லிவிட்டேன். அன்றைக்கு அந்த அறையை விட்டுப் போக நான் கதவைத் திறக்கும்போது ரெகுலா பின்னால் இருந்து கூப்பிட்டாள். அவளுடைய கண்ணும் சிவந்திருந்தது.

"அந்தத் தாளை உன் கையில் தந்ததே நீ ஏதாவது சொல்வாய் என்றுதான், வசந்தி. நீயோ அது நேராக இருக்கிறதா என்று மட்டும்தான் கேட்டாய்."

தைச்சிக்குப் பதினெட்டுப் பாகம் பொறுத்திருக்க ஒரு சயோ இருந்தாள். எனக்கு இருந்தது பதினொரு மாதம் பொறுத்த ஒரு ரெகுலா, அவளைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.