‘நீங்கள்’ என்றதால் பிரிந்த கூரை

இன்று காலை, நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரி கதவைத் தட்டி, இந்த அறையில் எவ்வளவு காலமாக இருக்கிறேன் என்று கேட்டாள். என் கண் கட்டிலுக்கு அடியில் கிடந்த பெட்டிக்குப் போயிற்று. இந்த வாரத்துக்குள் போய்விடுகிறேன் என்றேன். அவள் திகைத்துப்போனாள். “போவதா? சுவர்க் கடதாசி பழசாகிவிட்டதே, மாற்றலாமென்று பார்த்தேன். நீலம் பிடிக்குமா?” பிடிக்குமென்றேன். அவள் படியிறங்கிப் போனதும் பெட்டியைக் காலால் இன்னும் உள்ளே தள்ளினேன். லண்டனில் ஒரு கிழவி சுவரைப் பற்றிக் கேட்டதற்கு என் ஊரான சண்டிலிப்பாயின் பயம் ஒன்று என் வாயால் பதில் சொல்லியிருந்தது. அந்தப் பயம்கூட என்னுடையதல்ல.

இங்கே எல்லோரும் ‘யூ’. பூனைக்கும் யூ, பொலிஸ்காரனுக்கும் யூ, எனக்கும் யூ. கப்பலால் இறங்கிய நாட்களில் என்னைக் கிறுகிறுக்க வைத்த சொல் அது. நம் ஊரில் ஒருவர் வாய் திறந்தவுடனே நான் நிற்கும் இடம் எனக்குத் தெரிந்துவிடும். நீ என்றால் ஒரு படி, நீர் என்றால் அதற்கு மேல், நீங்கள் என்றால் உச்சி. இங்கே படிகளே இல்லாத வீட்டில் ஏறுகிறேனா இறங்குகிறேனா என்று தடவித் தடவி நடந்தேன். பிறகு அந்தச் சொல்லைக் காதலித்தேன். மனிதரை அளக்காத சொல் என்று அதைக் கொண்டாடினேன்.

நான் படிக்க வந்தது சோஷியோலொஜி. மனிதர் கூடி வாழும் விதத்தை ஆராயும் சாத்திரம். என் பேராசிரியர் ஒரு விதி வைத்திருந்தார்: பெரியவனோ சிறியவனோ, எல்லோரிடமும் ஒரே கேள்வியை ஒரே சொற்களில் கேட்கவேண்டும். அப்படி என் ஊரை ஆராய்ந்து எழுதினால்தான் பட்டம், பட்டம் கிடைத்தால்தான் உத்தியோகம். கேள்விகளைத் தமிழாக்கியபோது ‘யூ’ இருந்த இடமெல்லாம் ‘நீங்கள்’ என்று போட்டேன். பெருமையாக இருந்தது.

அந்த ஆராய்ச்சிக்காக ஊருக்குப் போய் இறங்கியதும் அண்ணை கேட்டார்: “ஆக்களைப் பற்றிப் படிக்கிறதோ? அதுக்கு ஏன் லண்டன்? சந்தியிலை நிண்டால் காணாதே?”

“அது வேறை, அண்ணை.”

“அப்புக்காத்துக்குப் படிச்சிருந்தால் நாலு பேர் வழக்கோடை வருவினம். உன்னட்டை ஆர், என்னத்தோடை வாறது?”

எங்கள் பனங்காணியின் ஓரத்தில் கந்தன் குடியிருந்தான். எங்கள் தகப்பனை அப்பு என்போம்; அவர் காலத்திலிருந்து எங்களுக்கு மரமேறுகிறவன். அப்பு போனபின் அந்தக் காணி என் பங்குக்கு வந்திருந்தது. நான் போனபோது அவன், மரமேறக் காலில் மாட்டும் தளைநாரைத் தோளில் போட்டபடி தன் ஓலைக் கொட்டில் வாசலில் நின்றான். முதல் கேள்வியைக் கேட்டேன்.

“நீங்கள் இந்தக் காணியிலை எவ்வளவு காலமாய் இருக்கிறியள்?”

கந்தன் திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தான். அங்கே ஒரு ஆடுதான் நின்றது.

“ஆரைக் கேக்கிறியள், நயினார்?”

“உங்களைத்தான்.”

அவன் மனைவி சின்னி குழந்தையோடு வாசலுக்கு வந்தாள். கந்தன் சால்வையை இடுப்புக்கு இறக்கினான். “பெரியவர் இருக்கச் சொன்ன நாள் துடக்கம், நயினார்” என்றான். அதற்கு மேல் எந்தக் கேள்விக்கும் வாய் திறக்கவில்லை. கூச்சம் என்று நினைத்தேன். ஒரே ஒரு சொல்லால் பெரிய மதில் ஒன்றைத் தாண்டிவிட்டவன்போல, பனைகளுக்கு நடுவே கையை வீசிக்கொண்டு வீடு திரும்பினேன்.

மறுநாள் காலை அதே வழியால் போனேன். கந்தன் கூரைமேல் இருந்தான். பின்னிய ஓலைக் கிடுகுகள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்துகொண்டிருந்தன. பாதி வீடு வானத்தைப் பார்த்துக் கிடந்தது. சட்டி பானைகள் வேலியோரம் குவிந்திருந்தன. ஓடினேன்.

“என்ன செய்யிறியள்?”

சின்னிதான் பேசினாள். அழுது வீங்கிய முகம். “கோப்பாயிலை என்ரை அப்பனை ஒரு பிரக்கிராசி, கோட்டிலை வழக்குப் பேசிறவர், உப்பிடித்தான் கேட்டவர். ‘நீங்கள் எவ்வளவு காலமாய் இருக்கிறியள்’ எண்டு. அண்டைக்குத்தான் முதல்முதல் எங்களை ஒருத்தர் நீங்கள் எண்டது. அடுத்த கிழமை நாங்கள் றோட்டிலை.”

“ஐயோ, நான் படிப்புக்காகக் கேட்டனான்.”

“படிப்புக்கு ஏன் நயினார் எங்கடை கொட்டில்?”

சத்தம் கேட்டு அண்ணை வந்தார். கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்தார். “உவன் லண்டனிலை படிச்ச படிப்பைப் பாரன், வீடு பிரிக்கிற படிப்பு! டேய் கந்தா, ஆரடா உன்னைப் போகச் சொன்னது? கிடுகைக் கட்டடா.”

கந்தன் இன்னொரு கிடுகை அவிழ்த்தான். “பெரிய நயினார் சொன்னால் காணாது. காணி சின்ன நயினாற்றை பங்கெல்லோ.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சின்னி கைகூப்பினாள். “ஒருக்கால் ‘இரடா’ எண்டு சொல்லுங்கோ, நயினார். நாங்கள் நம்புவம்.”

காணியை அவர்கள் பேருக்கே எழுதித் தருகிறேன் என்ற எண்ணம் தொண்டைவரை வந்தது. எந்தச் சொல்லால் தொடங்குவது? ‘உங்களுக்கு’ என்றால் இன்னும் பயப்படுவார்கள். ‘உனக்கு’ என்றால் அது பிச்சை. பக்கத்தில் அண்ணை நின்றார். விழுங்கிக்கொண்டேன்.

“இரடா கந்தா. நீ ஓரிடமும் போகவேண்டாம்.”

எவ்வளவு லேசாக வந்தது! ஆங்கிலத்தில் ஒரு வசனம் பேச இன்றும் பல்லுக்குள் ஒத்திகை பார்க்கிற எனக்கு, அது மூச்சுப்போல வந்தது. அப்புவின் குரலில் வந்தது. அந்த அதிர்ச்சி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. சின்னி சிரித்தாள், கண்ணீரைத் துடைக்காமலே சிரித்தாள். “ஓம் நயினார், ஓம்” என்றபடி பானைகளைத் தூக்கினாள். கந்தன் கிடுகுகளை மறுபடி கட்டத் தொடங்கினான்.

நான் கொட்டிலுக்குள்ளே போய் நின்றேன். ஒரு பக்கம் அவன் வேய்ந்த நிழல், மறுபக்கம் திறந்த வெயில். வேலிக்கு அப்பால் அண்ணை, “வாவன், கஞ்சி ஆறுது” என்றார். உள்ளே சின்னி, நான் எப்போது வெளியேறுவேன், தான் எப்போது அடுப்பு மூட்டலாம் என்று காத்து நின்றாள்.

“தள்ளி நில்லுங்கோ நயினார், தூசி விழும்” என்றான் கந்தன் மேலேயிருந்து.

எந்தப் பக்கம் தள்ளி நிற்பதென்று எனக்குத் தெரியவில்லை. தூசி விழுந்துகொண்டிருந்தது.