தோய்த்த சாக்கு

அந்த நாய் சாக்கில்தான் வந்தது.

மாரி மழை. காலையில் நாய்க் காப்பகத்தின் படலையைத் திறந்தால் வெளியே ஒரு சணல் சாக்கு, வாய் கட்டிக் கிடந்தது. குப்பை என்று நினைத்துக் காலால் தள்ளினேன். சாக்கு அசைந்தது. அவிழ்த்தேன். மண்ணிறப் பெட்டை நாய். ஒரு காதில் பாதி இல்லை. அது ஓடவில்லை, உறுமவில்லை. சாக்குக்குள்ளேயே மூத்திரம் பெய்துகொண்டு என் காலைப் பார்த்தபடி கிடந்தது.

காலால் தள்ளினது இன்றைக்கும் நினைவில் நிற்கிறது.

நான் அங்கே நாய்களுக்குச் சோறு காய்ச்சுகிறவன். கூடு கழுவுகிறவனும் நான்தான். காப்பகத்தை நடத்தியது ஓய்வு பெற்ற ஒரு ரீச்சர். அதனால் ஊரில் அதற்கு நாய்ப் பள்ளிக்கூடம் என்று பெயர். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். "இப்பதான் உனக்கேத்த பள்ளிக்கூடத்திலை சேர்ந்திருக்கிறாய்" என்று சந்தியில் பகிடி பண்ணுவார்கள்.

சுவருக்கும் தண்ணீர் பிடித்துவைக்கும் இரும்புப் பரலுக்கும் இடையில் ஒரு மூலை. அந்த நாய் அங்கேயே ஒடுங்கிவிட்டது. சாக்கை எறியச் சொன்னா ரீச்சர். எடுத்தேன். நாய் வெறும் நிலத்தில் படுக்காமல் நின்றது. பின்னேரம் வரைக்கும் நின்றது. திருப்பிப் போட்டேன், படுத்தது. அதை அடைத்துக் கொண்டுவந்த சாக்குத்தான். அதற்கென்று வேறு ஒன்றும் இருக்கவில்லை.

நான் நின்றால் சாப்பிடாது. நான் நிற்கும்போதும் சாப்பிட ஐந்து மாதம் எடுத்தது. அதற்குப் பிறகு என் கையை மணந்து பார்க்கும். அவ்வளவுதான். மற்றவர் ஆர் வந்தாலும் மூலைதான்.

இன்னொரு குணமும் இருந்தது. சத்தம் கேட்டால் மற்ற நாய்கள் ஓடும். இது அப்படியே நின்றுவிடும். ஒருநாள் படலை சரியாகக் கொளுவுப்படவில்லை, வெளியே போய்விட்டது. பஸ் வந்து பாம் பாமென்று கோண் அடித்தது. நடு றோட்டில் நின்றது. றைவர் பிறேக் போட்டு என் தாயையும் சேர்த்துத் திட்டினான். ஓடிப்போய்த் தூக்கினேன். மரக்கட்டையைத் தூக்கினது போல இருந்தது.

காப்பகம் இருந்த வளவு கனடாவில் இருக்கிற ஒருவருடையது. தைக்குள் காணி வேண்டும், வீடு கட்டப் போகிறேன் என்று சொல்லிவிட்டார். குறை சொல்ல ஏலாது. அவர் காணி. குட்டிகளைச் சனம் வந்து கொண்டுபோனது. பெரிய நாய்களுக்கும் ரீச்சர் அலைந்து வீடு பிடித்தா. கிழட்டு நாய் ஒன்று செத்தது. மார்கழியில் இது ஒன்றுதான் மிச்சம்.

வேறு காப்பகங்களிலும் ரீச்சர் கேட்டுப் பார்த்தா. இடமில்லை என்றார்கள்.

"ஒண்டும் சரிவராட்டில் றோட்டிலைதான் விடவேணும்" என்றா.

"விட்டால் அண்டைக்கே பஸ் அடிக்கும் ரீச்சர்."

"தெரியும்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தா.

என்னால் கொண்டுபோக ஏலாது. நான் இருப்பது மகள் வீட்டில் ஒரு அறை. மதிலுக்கு அந்தப் பக்கம் தகரப் பட்டறை. நாள் முழுக்க அடி விழும்.

முதலில் ஒருவர் வந்தார். புது வீடு, காவலுக்கு நாய் வேண்டுமாம். இது காவல் நாய் இல்லை என்று சொன்னேன். "கட்டிப்போட்டால் எல்லாம் பழகும்" என்றார். இரண்டாம் நாள் ஓட்டோவில் திருப்பிக் கொண்டுவந்தார். குடிபுகுதலுக்கு வெடி கொளுத்தியிருக்கிறார்கள். நாய் கேற்றடியில் சங்கிலியில். கழுத்துத் தோல் உரிந்திருந்தது.

"உது நாயோ கோழியோ? ஒருக்காக்கூடக் குரைக்கேல்லை" என்று சிரித்தார்.

நான் மஞ்சளைக் குழைத்துக் கழுத்தில் பூசினேன். கை பட்டதும் மூத்திரம் பெய்தது. ஐந்து மாதமும் போச்சு.

அப்போதுதான் புத்தூரில் இருக்கிற அந்த மனிதரை நினைத்தேன்.

எங்கள் காணி வருசக்கணக்காக ஆமியின் கம்பிக்குள் கிடந்தது. விடப்போகிறார்கள் என்ற கதை வந்ததும் என் அண்ணை பொறுக்கவில்லை. கிணற்றைப் பார்த்துவிட்டு வாறன் என்று கம்பியைத் தாண்டிப் போனார். வெடி கேட்டது. அவர் வரவில்லை. அதற்குப் பிறகுதான் கண்ணிவெடி எடுக்க ஆட்கள் வந்தார்கள். அதில் ஒருவர் கையில் நாய் பிடித்திருந்தார். அவர்தான் இந்தப் புத்தூர் மனிதர். கயிறு கட்டின வரிசையில் நாய் முன்னே போகும். வெடிமருந்து மணந்தால் அப்படியே குந்தி இருந்துவிடும். அது இருந்த இடத்தில் அவர்கள் தோண்டினார்கள். எங்கள் வளவில் மூன்று இடத்தில் இருந்தது. அந்த நாய் நடந்த பிறகுதான் நான் நடந்தேன்.

சைக்கிளில் புத்தூருக்குப் போனேன். அவர் வாசலில் கதிரையில் இருந்தார். என்னை விடப் பத்து வயது குறைவு. சொன்னேன். முடிக்கவிடவில்லை.

"நாய்க்கதை வேண்டாம் அண்ணை."

அவருடைய நாயை, இங்கே வேலை முடிந்ததும் வேறு நாட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஏழு வருசம் அவர் கையில் நின்ற நாய். அவர் லீவில் நின்ற கிழமை ஏற்றியிருக்கிறார்கள். வந்து பார்த்தால் கூடு வெறுமை.

"தம்பி, நீர் வளர்க்க வேண்டாம். ஒருக்கா வந்து பாரும்" என்றேன்.

குசினிக்குள் இருந்து மனைவி சொன்னா: "கூட்டிக்கொண்டு போங்கோ அண்ணை. இந்த மனிசன் மூண்டு வருசமாச் சுவரைப் பாத்துக்கொண்டிருக்குது. சுவரும் குரைக்காது, மனிசனும் குரைக்காது."

அவர் வந்தார். வந்து நாயைப் பார்க்கவேயில்லை. கூட்டுக்குள் போய் நாய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிலத்தில் இருந்தார். பேப்பரை விரித்து வாசித்தார். ஒரு மணித்தியாலம் போனதும் எழும்பிப் போனார். அடுத்த ஞாயிறும் அப்படித்தான். மூன்றாம் ஞாயிறு நாய் மூலையை விட்டு வந்து அவர் கழற்றி வைத்த செருப்பை மணந்தது. அவர் திரும்பவில்லை. பேப்பரின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

போகும்போது சொன்னார்: "கொண்டு வாங்கோ. படுக்கிற சாக்கையும் கொண்டு வாங்கோ."

இங்கேதான் நான் பிழை விட்டேன்.

ஒரு வீட்டுக்குப் போகிற சீவன் ஊத்தையோடு போகக் கூடாது. எங்கள் ஆட்கள் அப்படித்தான். பிள்ளையைக் கட்டிக் கொடுத்தாலும் முழுகவார்த்துத்தான் அனுப்புவோம். போகிற அன்று காலையில் நாயைக் கிணற்றடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். மஞ்சளும் வேப்பிலையும் அவித்து முழுகவார்த்தேன். அது நடுங்கிக்கொண்டு நின்றது. கடித்திருந்தால் நிப்பாட்டியிருப்பேன். கடிக்கவில்லை. சாக்கையும் சவுக்காரம் போட்டுக் கல்லில் அடித்துத் தோய்த்தேன். மூன்று தண்ணீர் மாற்றினேன். வெயிலில் காயப்போட்டு மடித்து எடுத்தேன்.

ரீச்சர் ஓட்டோ பிடித்துத் தந்தா. கொண்டுபோய் விட்டேன். நாய் நேரே கட்டிலுக்குக் கீழே போனது. சாக்கை விரித்துவிட்டு வந்தேன்.

நாலாம் நாள் அவர் ரெலிபோன் எடுத்தார்.

"சாப்பிடேல்லை. தண்ணியும் இரவிலை ஒருக்கா நக்கிறதோடை சரி. சாக்கிலை படுக்குதுமில்லை."

பிறகு அவரே கேட்டார்:

"அண்ணை, சாக்கைத் தோய்ச்சியளோ?"

"ஓம். நாயையும் முழுகவாத்தனான்."

அவர் என்னைத் திட்டியிருக்கலாம், திட்டவில்லை.

"அதுக்குத் தெரிஞ்ச மணம் எண்டு இனி ஒண்டுமில்லை. நீங்கள் வாங்கோ. இண்டைக்கு வேலை செய்த சேட்டோடை வாங்கோ. குளிக்காதேங்கோ."

காப்பகத்துக் கூரையைக் கழற்றிக்கொண்டு நின்றேன். வேர்வையும் தூசியும். அப்படியே சைக்கிளை எடுத்தேன். அவர் படலையடியிலேயே மறித்தார். உள்ளே விடவில்லை.

"சேட்டைத் தாங்கோ."

"நாயை ஒருக்காப் பாத்திட்டு..."

"வேண்டாம். உங்களைக் கண்டால் உங்களோடைதான் வர நிக்கும். சேட்டு மட்டும் போதும்."

கழற்றிக் கொடுத்தேன். சாரத்தோடு வெறும் மேலில் திரும்பினேன். சந்தியில் தேத்தண்ணிக் கடையில் நின்றவன் கூப்பிட்டான்: "என்ன அண்ணை, சன்னதி முருகனுக்குக் காவடியோ? அதுக்கு இன்னும் நாள் கிடக்கு!" எல்லோரும் சிரித்தார்கள். நான் சைக்கிளை மிதித்தேன்.

அடுத்த நாள் காலை திரும்ப எடுத்தார். "சேட்டுக்கு மேலை படுத்திருக்குது. கொஞ்சச் சோறு திண்டிட்டுது." பிறகு சொன்னார்: "அண்ணை, குறை நினையாதேங்கோ. இனி இந்தப் பக்கம் வராதேங்கோ. உங்கடை சைக்கிள் சத்தம் கேட்டால் படலையைப் பாத்துக்கொண்டு இருக்கும். அப்பிடி இருந்தால் அதுக்கு இஞ்சை மனம் பிடிக்காது."

"எவ்வளவு காலத்துக்குத் தம்பி?"

"தெரியாது."

தையில் காப்பகத்தை இடித்தார்கள். பரல் நின்ற மூலையில் இப்போது சீமெந்துத் தூண். நான் வெங்காயத் தோட்டத்தில் கூலிக்குப் போகிறேன். தோட்டம் புத்தூருக்கு அந்தப் பக்கம். அவர் வீட்டைத் தாண்டிப் போகிற ஒழுங்கையால் போனால் கிட்ட. நான் சுத்திப் போனேன். காலையில் ஒரு மைல், பின்னேரம் ஒரு மைல் கூட. அண்ணைக்குப் பிறகு எங்கள் வளவையும் நான் இப்படித்தான் சுத்திப் போனேன். பழக்கம்தான்.

ஆவணியில் சந்தையில் அவர் மனைவியைக் கண்டேன். பையில் இருந்து ஒரு கடதாசிப் பார்சலை எடுத்துத் தந்தா. என் சேட்டு. தோய்த்து மடித்து. ஒரு கை இல்லை.

"கையைத் திண்டிட்டுது. மிச்சம் இப்ப அதுக்கு வேண்டாம். மனிசன் குடுக்கச் சொன்னது."

"குரைக்குதோ?"

"எங்கை. ஆர் வந்தாலும் கட்டிலுக்குக் கீழைதான். கோயில் வெடிக்கு மூண்டு நாள் சாப்பிடேல்லை. இவரும் சாப்பிடேல்லை. ரெண்டும் கட்டிலுக்குக் கீழை." சொல்லிவிட்டுச் சிரித்தா. "மற்றும்படி, மனிசன்ரை காலிலை தலையை வைச்சுப் படுக்கும்."

"இனி நான் ஒழுங்கையாலை போகலாமோ?"

"மனிசன் ஒண்டும் சொல்லேல்லை அண்ணை. கேட்டுச் சொல்லுறன்."

"கேக்க வேண்டாம்" என்றேன்.

சைக்கிளடிக்கு வந்து சேட்டை மணந்து பார்த்தேன். சவுக்கார மணம் மட்டும்தான்.

மற்றக் கையையும் வெட்டிவிட்டுத் தோட்டத்துக்குப் போட்டுக்கொண்டு போகிறேன். இப்போதும் சுத்தித்தான் போகிறேன்.