உச்சி அடுக்கின் எடை

தடுப்புக்கு அந்தப் பக்கம் டப்பா மூடி தரையில் விழுந்து உருண்டது. உடனே 'பளார்' என்று ஓர் அறை. பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த சுலோசனாவின் கை சோப்பு நுரையோடு அப்படியே நின்றது.

"துப்புடி! துப்புன்னா துப்பு!" கணவன் தினகரின் குரல்.

ஓடிப் போய்ப் பார்த்தாள். ஏழு வயது மகள் கேதகி அலமாரியோடு ஒட்டிக்கொண்டு நின்றிருந்தாள். கடைவாயில் லட்டுத் தூளும் ரத்தமும். தினகர் ஒரு கையால் அவள் தாடையை நெரித்து, மறு கை விரலை வாய்க்குள் விட்டுத் தோண்டிக்கொண்டிருந்தான்.

"நாளைக்குக் கோகுலாஷ்டமிப் பானை உடைக்கணும். இன்னைக்கு லட்டு திருடித் தின்னுருக்கா, உன் பொண்ணு!"

"பசிக்குது பாபா..."

மறுபடியும் அறை. குழந்தையின் தலை அலமாரிக் கதவில் மோதியது.

சுலோசனா கொங்கணத்து மீன்காரரின் மகள். கல்யாணமாகி இந்த மும்பை மில் குடியிருப்புக்கு வந்தபின் அவள் உரக்கப் பேசி யாரும் கேட்டதில்லை. விடிகாலையில் ஒரு மெஸ்ஸுக்குப் போய் மலைமலையாய்ச் சப்பாத்தி தேய்ப்பாள். வந்து வீட்டு வேலை பார்ப்பாள். அடி விழுந்தால் வாங்கிக்கொள்வாள். பக்கத்து வீட்டுக்காரிகள், "அவளா? சுவர்கூட அவளைவிட அதிகமாப் பேசும்" என்று சிரிப்பார்கள்.

தினகரின் கதை வேறு. சின்ன வயதில், கோகுலாஷ்டமிக்கு ஆட்கள் தோள்மேல் தோளாக ஏறி நிற்கும் கோவிந்தாக்களின் கோபுரத்தில் உச்சியில் ஏறி, உயரத்தில் கட்டிய தயிர்ப்பானையை உடைத்தவன் அவன். தெருவே அவன் பேரைச் சொல்லிக் கூத்தாடியிருக்கிறது. ஒரு வருஷம் உடம்பு போட்டான். அதே தெரு அவனை இறக்கிவிட்டு வேறொரு பிள்ளையை ஏற்றியது. இப்போது அவன் அடி அடுக்கு. மற்றவர்கள் மிதிக்கிற தோள். மகள் உச்சியில் நிற்கும்போதுதான் அவன் முகத்தில் பழைய வெளிச்சம் வரும்.

அதற்காகத்தான் ஆடி மாதத்திலிருந்து குழந்தைக்குக் காலையில் அரை பாக்ரி ரொட்டி, ராத்திரி வெறும் தேநீர். பழைய இரும்புக் கடைத் தராசில் வாராவாரம் ஏற்றுவான். முள் கொஞ்சம் நகர்ந்தாலும் பெல்ட் பேசும். பிள்ளை எவ்வளவு லேசோ கோபுரத்துக்கு அவ்வளவு பத்திரம் என்று குடியிருப்பு முழுக்க நம்பியது. சுலோசனாவும் நம்பினாள். அந்த அரை ரொட்டியைத் தட்டில் போட்டவள் அவள்தானே!

போன வாரம் பள்ளிக்கூட வாசலில் டீச்சர் அவளை நிறுத்தினாள். "நொண்டி விளையாட்டுல உங்க பொண்ணை இந்த ஸ்கூல்லயே யாரும் பிடிக்க முடியாது. இப்ப நாலு தடவை குதிச்சா உக்காந்துடறா. வீட்ல சாப்பாடு போடறீங்களா, இல்லையா?"

சுலோசனா தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டாள்.

இன்று காலை ஒத்திகையில் அது நடந்தது. உச்சியில் எழுந்து நின்ற கேதகியின் முழங்கால்கள் வெடவெடவென்று நடுங்கின. அந்த நடுக்கம் அடுக்கு அடுக்காய்க் கீழே இறங்கி, கோபுரமே பொலபொலவென்று சரிந்தது. ஒருவனுக்குப் பல் போனது. ஒருவனுக்குத் தோள் இறங்கியது. குழந்தை யாரோ ஒருவன் முதுகில் விழுந்ததால் பிழைத்தது.

"கனத்துப் போயிட்டா! அதான் கோபுரம் ஆடுச்சு!" தினகர் இப்போது பெல்ட்டை உருவினான். "எத்தனை நாளா திருடித் தின்னுறே?"

பெல்ட் குழந்தையின் தொடையில் விழுந்தது. சரிந்து விழுந்த கேதகி ஓட எழுந்தாள். கால் மடங்கியது. எழுந்தாள். மறுபடியும் மடங்கியது. யாரும் பிடிக்க முடியாத கால்!

சுலோசனாவுக்கு அந்த நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. கனமா? பசியல்லவா நடுங்கியது! ஐயோ, நான் போட்ட பசி!

அவள் கை தானாகச் சப்பாத்திக் கட்டையைத் தேடி எடுத்தது. ஓங்கிய பெல்ட் இறங்குமுன் கட்டை அவன் மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. "அடியே!" என்று அலறித் திரும்பியவனின் தோளில் இன்னொன்று. முழங்காலில் மற்றொன்று. அவன் சுவரோடு சரிந்தான்.

"எழுந்து நில்லுய்யா! ஒத்தக் கால்ல நில்லு பாப்போம்! வயித்துல ஒண்ணுமில்லாம உன்னால நிக்க முடியுமா?"

வாசலில் யாரோ கனைத்தார்கள். கோபுரம் கட்டும் தெருக் குழுவின் தலைவர் நானா சுர்வே, கையில் குழந்தைக்கான புதுச் சட்டையோடு நின்றிருந்தார். கீழே கிடந்தவனைப் பார்த்தார். கட்டையைப் பார்த்தார்.

"என்ன வைனி, சமையல் பலமா இருக்கு?" அண்ணி முறை வைத்துக் கூப்பிட்டுச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. "புருஷன் பொண்டாட்டி சண்டையில நான் தலையிடல. காலையில குழந்தையை அனுப்பிடுங்க. நம்ம தெரு மானம் அவ தலையிலதான் இருக்கு."

"தலையில இருக்கட்டும் நானா. கால்ல உசுரு இல்லையே."

"டேய் தினகர், நீயாவது சொல்லேன்டா!"

தினகர் மனைவியின் கையிலிருந்த கட்டையைப் பார்த்துவிட்டு இன்னும் சுவரோரமாக நகர்ந்துகொண்டான்.

சுலோசனா ஒரு கையில் கட்டையோடேயே சோறும் பருப்பும் தட்டு நிறையப் போட்டு மகள் முன் வைத்தாள். "சாப்பிடு கண்ணே."

கேதகி ஒரு கவளம் உருட்டினாள். வாய்க்குப் பக்கத்தில் கை நின்றுவிட்டது. உதடு கிழிந்த அந்தச் சின்ன முகம் நானாவை நிமிர்ந்து பார்த்தது.

"நானா... சாப்பிடட்டுமா? அடிக்க மாட்டீங்களே?"

நானாவின் முகம் வெளிறியது. சட்டையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "சரி... கீழ் வீட்டுப் பொண்ணைக் கேட்டுக்கிறேன். அவளும் லேசாத்தான் இருப்பா."

"கேளுங்க. நானும் அந்த வீட்டுக்கு வரேன். இந்தக் கட்டையோட."

அவர் படியிறங்கிப் போனார். கீழ் வீட்டு வாசலில் அவர் செருப்புச் சத்தம் ஒரு கணம் தயங்கியது. பிறகு நிற்காமல் தெருவுக்குப் போய்விட்டது.

அதுவரை காது கொடுத்து நின்ற சுலோசனா, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.